சிமிலி முதல் சினெக்டகி வரை: ஆங்கில இலக்கியம் படிக்கும் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தாராவி 90 அடி சாலைக்குப் பின்னால் ஒரு மாடி அறையில், ஞாயிறு காலைகளில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். பாதிப் பேர் மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளியில் பத்தாவது முடித்தவர்கள். மீதிப் பேர் இங்கிலீஷ் மீடியம். வீட்டில் திருநெல்வேலித் தமிழ், தெருவில் பம்பையா ஹிந்தி. ஜூன் மாதம் புது பேட்ச் வரும், ஜூலைக்குள் அதே கேள்விகளும் வந்துவிடும். எஃப்.ஒய்.யில், அதாவது முதல் வருடத்தில், நானே ஒரு தாளில் ஏ.டி.கே.டி. (தவறிய தாளை வைத்துக்கொண்டே அடுத்த வருடத்துக்குப் போவது) வாங்கியவள்தான். அதனால் எந்தக் கேள்விக்கும் நான் சிரிப்பதில்லை. எழுதி வைத்துவிட்டால் அடுத்த வருடம் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கலாமே என்று தொகுத்தது இது. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

நெட்ல பார்த்தா எரநூறு டிவைஸ் போட்டிருக்கான். எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணணுமா அக்கா?

வேண்டாம். மூன்று வருடப் படிப்பில் திரும்பத் திரும்ப வரும் டிவைஸ்கள், அதாவது இலக்கிய உத்திகள், முப்பதைத் தாண்டாது. மீதி எல்லாம் பட்டியல் போடுகிறவர்களின் ஆசை. கிரேக்கப் பெயரையும் லத்தீன் பெயரையும் பார்த்துப் பயப்படுகிறீர்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் வேலையைப் பேச்சில் தினமும் நீங்களே செய்துகொண்டிருக்கிறீர்கள். கீழே வரும் உதாரணங்களில் அது தெரியும்.

பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம். அப்போ படிச்ச அணி இலக்கணம் இங்க எதுக்காவது உதவுமா?

நன்றாகவே உதவும். உவமை என்பது சிமிலி. உருவகம், மெட்டஃபர். உயர்வு நவிற்சி, ஹைப்பர்போலி. சிலேடை, பன். தண்டியலங்காரம் சொல்லும் 35 பொருளணிகளில் பலவற்றுக்கு ஆங்கிலத்தில் ஏறக்குறைய ஒரு ஜோடி கிடைக்கும். இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தமிழ் மீடியம் பிள்ளையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் கை ஓங்கியிருக்கும்.

ஆனால் எல்லா ஜோடியும் சரியாகப் பொருந்தாது. எதுகையை ரைம் என்றும், சீரை ஃபுட் என்றும் எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். எங்கே பொருந்தாது என்று தெரிந்துகொள்வதுதான் உண்மையான படிப்பு. நான் அதிக நேரம் செலவழிப்பதும் அதில்தான்.

சிமிலிக்கும் மெட்டஃபருக்கும் 'லைக்', 'ஆஸ்' மட்டும்தான் வித்தியாசமா?

அடையாளம் கண்டுபிடிக்க அது போதும். ஆனால் 'ஆஸ்' வந்ததெல்லாம் சிமிலி ஆகிவிடாது. 'அவள் அவள் அக்கா அளவுக்கு உயரம்' என்பது அளவு சொல்வது. இரண்டு பெண்களும் ஒரே வகை. 'அவள் தென்னை மாதிரி உயரம்' என்றால்தான் வேறு வேறு வகைப் பொருள்கள் சேருகின்றன, அப்போதுதான் சிமிலி.

தமிழில் உவமேயம், உவமானம், பொதுத்தன்மை, உவம உருபு என்று நாலாகப் பிரித்துப் படித்தீர்கள் இல்லையா? அதையேதான் இங்கே டெனர், வெஹிகிள், கிரவுண்ட் என்கிறார்கள். டெனர், வெஹிகிள் என்ற சொற்களை ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் 1936-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். உருபுதான் 'லைக்', 'ஆஸ்'. உருபை எடுத்துவிட்டு உவமேயத்தையும் உவமானத்தையும் ஒன்றாகவே ஆக்கிவிட்டால் மெட்டஃபர்.

குறுந்தொகை 40-ஆம் பாட்டை நினைத்துப் பாருங்கள். செம்மண்ணில் விழுந்த மழை நீர் மாதிரி நம் நெஞ்சங்கள் கலந்தன என்கிறான். பாடியவர் பெயரே கிடைக்கவில்லை. அந்த உவமையை வைத்து அவரைச் செம்புலப்பெயனீரார் என்று கூப்பிடுகிறோம். இங்கே பொதுத்தன்மை 'கலப்பது' என்று மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண். கலந்த பிறகு நீரைத் தனியாகப் பிரிக்க முடியாது, அதன் நிறமும் பழைய நிறமில்லை என்று எழுதினால் முழு மதிப்பெண். ஆங்கிலக் கவிதைக்கும் இதே கணக்குதான்.

'டேபிளோட கால்'னு சொல்றது மெட்டஃபரா?

ஒரு காலத்தில் மெட்டஃபர். இப்போது யாரும் காலை நினைத்துச் சொல்வதில்லை. டெட் மெட்டஃபர் என்பார்கள். கவிதையில் இதைத் தேடிப் பிடித்து எழுத வேண்டாம். கவிஞர் அந்த மேஜையை நடக்க வைத்தால் மட்டும் எழுதுங்கள்.

கன்சீட்டுன்னா கர்வம்தானே? டன் கவிதைல எங்க கர்வம் இருக்கு?

இங்கே அந்தப் பொருள் இல்லை. கன்சீட் என்றால் தூரத்துப் பொருளைக் கொண்டுவந்து, பிடிவாதமாக நீட்டிக்கொண்டு போகும் ஒப்பீடு. ஜான் டன் பிரியும் காதலர் இருவரை வட்டம் போடும் காம்பஸின் இரண்டு கால்களுக்கு ஒப்பிட்டார். ஒரு கால் நடுவில் நிற்கிறது, மற்றது சுற்றிவிட்டுத் திரும்ப வருகிறது. டன் வகைக் கவிஞர்கள் ஒன்றோடொன்று ஒட்டாத கருத்துகளை வலுக்கட்டாயமாக ஒரே நுகத்தடியில் பூட்டுகிறார்கள் என்று சாமுவேல் ஜான்சன் 18-ஆம் நூற்றாண்டில் குறைப்பட்டுக்கொண்டார். அந்தக் குறையைத்தான் இன்று இலக்கணமாகப் படிக்கிறோம்.

'மும்பை தூங்காத ஊர்'னா பெர்சானிஃபிகேஷன். அப்போ பதெட்டிக் ஃபேலசின்னா என்ன?

பெர்சானிஃபிகேஷன் பெரிய குடை. உயிரில்லாததற்கோ கருத்துக்கோ மனித குணம் கொடுத்தால் போதும். ஊர் தூங்கலாம், காலம் திருடலாம், மரணம் கர்வப்படலாம். பதெட்டிக் ஃபேலசி அந்தக் குடைக்குள் ஒரு மூலை: பேசுகிறவரின் உணர்ச்சியை இயற்கை எடுத்துக்கொள்வது. கதாநாயகி அழுதால் வானமும் அழுவது. ஜான் ரஸ்கின் 1856-இல் இந்தப் பெயரை வைத்தபோது திட்டாகத்தான் வைத்தார். உணர்ச்சி முற்றிப்போய் உலகத்தைத் தப்பாகப் பார்க்கிறார்கள் என்பது அவர் வாதம். இப்போது திட்டும் தொனி போய், வெறும் பெயராகப் பயன்படுகிறது.

இதைத் தற்குறிப்பேற்ற அணி என்று எழுதலாமா என்று தமிழ் மீடியம் பிள்ளைகள் கேட்பார்கள். பள்ளியில் படித்த உதாரணம் சிலப்பதிகாரம்: மதுரைக் கோட்டைக் கொடிகள் காற்றில் அசைவது, கோவலனையும் கண்ணகியையும் 'வராதீர்கள்' என்று கைகாட்டி மறிப்பது போல் இருந்ததாம். நெருங்கிய சொந்தம், ஆனால் ஒன்றில்லை. கொடி தன் பாட்டுக்கு ஆடுகிறது, அதன் மேல் கவிஞர் தன் குறிப்பை ஏற்றுகிறார். கோவலனுக்கு அந்தப் பயம் இன்னும் வரவே இல்லை. ரஸ்கின் சொன்னதில், துக்கப்படுகிறவரின் துக்கமே இயற்கையின் மேல் வழிய வேண்டும்.

அப்பாஸ்ட்ரஃபின்னா மேல போடுற கமாதானே?

அதற்கும் அதே பெயர்தான். கவிதையில் அப்பாஸ்ட்ரஃபி என்றால் எதிரில் இல்லாதவரை, இறந்தவரை, பொருளை, கருத்தை நேரே கூப்பிட்டுப் பேசுவது. 'நெஞ்சே' என்று கூப்பிட்டுப் பேசும் குறட்பாக்களுக்கென்றே 125-ஆம் அதிகாரம் இருக்கிறது, பெயர் நெஞ்சொடு கிளத்தல். அதுதான் இது.

அலிட்டரேஷன்னா ஒரே எழுத்துல ஆரம்பிக்கணும், மோனை மாதிரி. சரியா?

'எழுத்து' என்ற இடத்தில் வழுக்குகிறீர்கள். ஆங்கிலத்தில் எண்ண வேண்டியது சத்தம். 'சிட்டி', 'கேட்' இரண்டும் சி எழுத்தில்தான் தொடங்குகின்றன, அலிட்டரேஷன் இல்லை. 'நைட்' என்ற வீரனுக்கு முன்னால் சத்தமில்லாத ஒரு கே நிற்கிறது. அவனை 'நோஸ்' பக்கத்தில் நிறுத்தினால் அலிட்டரேஷன். கண்ணை மூடிக்கொண்டு படியுங்கள்.

மோனையிலும் சத்தத்தின் உறவுதான் பேசுகிறது. அகரத்துக்கு ஆகாரம் மோனை, ஐயும் ஔவும்கூட. சகரத்துக்குத் தகரம், மகரத்துக்கு வகரம். ஆங்கிலத்தில் இந்த உறவுமுறை கிடையாது, 'ம' சத்தத்துக்கு 'ம' சத்தம்தான் வேண்டும். மோனை ஒரு காலத்தில் அலங்காரம் மட்டுமாக இருக்கவில்லை, செய்யுளையே கட்டியது. பழைய ஆங்கிலத்திலும் அப்படித்தான்: பேவுல்ஃப் காவியத்தில் அடியின் இரண்டு பாதிகளைக் கட்டி வைப்பது அலிட்டரேஷன். ரைம் ஆட்சிக்கு வந்தது அதற்குப் பிறகு.

அசனன்ஸ் உயிர் ஒலி திரும்ப வருவது. கான்சனன்ஸ் மெய் ஒலி, சொல்லின் நடுவிலோ கடைசியிலோ திரும்ப வருவது. இதற்கு மேல் இந்த இரண்டிலும் ஒன்றுமில்லை.

எதுகைதான் ரைம்னு எங்க வீட்ல சொன்னாங்க. கரெக்டா?

இல்லை. வருடா வருடம் நாலு பேராவது இப்படி எழுதுகிறீர்கள். எதுகை அடியின் தலைப்பில் இருக்கிறது, இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது. 'அகர', 'பகவன்': இரண்டிலும் இரண்டாவது எழுத்து க. ரைம் அடியின் வாலில் இருக்கிறது; கடைசியாக அழுத்தம் விழும் உயிரிலிருந்து முடிவு வரை ஒரே ஒலி. தமிழில் அதற்குப் பக்கத்தில் வருவது இயைபுத் தொடை. சினிமாப் பாட்டு முழுக்க இயைபு கொட்டிக் கிடக்கிறது. பேச்சில் அதையும் 'எதுகை மோனை' என்றே சொல்லிவிடுகிறோம், குழப்பம் அங்கேதான் ஆரம்பம்.

மீட்டர் எனக்குக் கேட்கவே மாட்டேங்குது. ஐயாம்பிக் பென்டாமீட்டர் எல்லாம் சும்மா சொல்றாங்களா?

மீட்டர், அதாவது அடியின் தாளம், கேட்காததற்குக் காரணம் உண்டு, உங்கள் காதில் குறை இல்லை. தமிழ்ச் செய்யுள் நீளத்தை அளக்கிறது. குறில், நெடில், ஒற்று. அதிலிருந்து நேர், நிரை. அதிலிருந்து தேமா, புளிமா. 'அகர' என்பதை நிரை நேர், புளிமா என்று தாளைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஆங்கிலம் அளப்பது அழுத்தத்தை. அழுத்தம் எழுத்தில் தெரியாது, வாயில்தான் தெரியும். நாமோ ஹிந்தி, தமிழ், மராத்தி கலந்த வாயால் எல்லா அசையையும் ஒரே கனத்தில் பேசுகிறோம்.

முதலில் ஒரு சொல்லில் பழகுங்கள். 'ரெக்கார்ட்' பெயர்ச்சொல்லாக வந்தால் முதல் அசையில் அழுத்தம், வினையாக வந்தால் இரண்டாவதில். 'பிரசன்ட்' என்பதும் அப்படியே. அகராதியில் அழுத்தம் விழும் அசைக்கு முன்னால் மேலே ஒரு சின்னக் கோடு போட்டிருக்கும். இத்தனை நாள் அதைத் தூசி என்று நினைத்திருப்பீர்கள். அப்புறம் அடிக்கு வாருங்கள். ஐயாம்ப் என்றால் மெல்ல, அழுத்து. பென்டா என்றால் ஐந்து. ஷேக்ஸ்பியரின் 18-ஆம் சானெட் முதல் அடி: ஷல் ஐ / கம்பேர் / தீ டு / எ சம் / மர்ஸ் டே. ஐந்து வெட்டு, அதாவது ஐந்து ஃபுட்; ஒவ்வொன்றிலும் இரண்டு அசை. மேஜையில் தட்டிக்கொண்டே சத்தமாகப் படியுங்கள். பக்கத்து வீட்டில் ஒரு வாரம் திட்டுவார்கள், பிறகு பழகிவிடும்.

முதல் வெட்டில் 'ஷல்' மேல் அழுத்தம் போட்டுப் படிக்கிறவர்களும் உண்டு. அது தப்பில்லை. வெண்பாவில் தளை தட்டினால் வெண்பாவே போச்சு. ஆங்கில மீட்டர் அவ்வளவு கறார் இல்லை. நடுவில் ஒரு வெட்டை மாற்றிப் போட்டுவிட்டு மறுபடி தாளத்துக்கு வந்துவிடும். எங்கே மாறுகிறதோ அங்கே அர்த்தத்திலும் ஏதாவது நடக்கிறதா என்று பாருங்கள்.

பிளாங்க் வெர்ஸ், ஃப்ரீ வெர்ஸ் ரெண்டும் ஒண்ணா?

ரைம் இல்லை என்பதில் மட்டும் ஒன்று. பிளாங்க் வெர்ஸில் மேலே சொன்ன ஐந்து வெட்டுத் தாளம் கட்டாயம். மில்டன் 1667-இல் வெளியிட்ட பாரடைஸ் லாஸ்ட் முழுக்க அப்படி. 'ரைம் எங்கே?' என்று வாசகர்கள் கேட்டதற்கு, ரைம் ஒரு அடிமைத்தளை என்று அவரே பிறகு ஒரு குறிப்பு எழுதிச் சேர்க்க வேண்டியிருந்தது. ஃப்ரீ வெர்ஸில் கட்டாயத் தாளமும் கிடையாது, நம் புதுக்கவிதை மாதிரி. வால்ட் விட்மன் 1855-இல் அந்த வழியில் ஒரு தொகுப்பே போட்டார்.

பிளாங்க் வெர்ஸுக்குத் தமிழில் கிட்டத்தில் இருப்பது ஆசிரியப்பா. சுந்தரம் பிள்ளை லிட்டனின் ஆங்கிலக் கதைக் கவிதை ஒன்றைத் தழுவி 1891-இல் மனோன்மணீயம் நாடகம் எழுதியபோது பெரும்பாலும் அகவலில், அதாவது ஆசிரியப்பாவில்தான் எழுதினார். நீளமாகப் பேசவைக்க வசதியான பா அது.

எஞ்சாம்ப்மென்ட்னு மேம் சொன்னாங்க. வரி உடைஞ்சா எஞ்சாம்ப்மென்ட்டா?

வரி எல்லாக் கவிதையிலும் உடையும். வாக்கியம் முடியாமல், நிறுத்தக்குறியும் இல்லாமல், அர்த்தம் அடுத்த அடிக்கு வழிந்தால் எஞ்சாம்ப்மென்ட். ஒன்றாம் வகுப்பிலிருந்து நீங்கள் இதை ஒப்பித்திருக்கிறீர்கள். 'அகர முதல எழுத்தெல்லாம் ஆதி' என்று முதல் அடி முடிகிறது, 'பகவன் முதற்றே உலகு' என்று அடுத்தது ஆரம்பிக்கிறது. 'ஆதிபகவன்' என்று ஒன்றாகப் படிக்க வேண்டிய பெயர் நடுவில் உடைந்து நிற்கிறது. திருக்குறளின் முதல் குறளே எஞ்சாம்ப்மென்ட் என்று சொன்னதும் வகுப்பில் ஒரு நிமிடம் அமைதி. எனக்கு அந்த நிமிடம் பிடிக்கும்.

அடியின் நடுவில் விழும் நிறுத்தம் சீஷுரா. ஒன்று அடியின் முடிவில் நிற்கவிடாது, மற்றது நடுவில் நிற்கவைக்கும். இரண்டையும் சேர்த்துக் கவனித்தால் கவிதையின் மூச்சு பிடிபடும்.

சானெட்னா பதினாலு வரி. அவ்வளவுதானே? ஷேக்ஸ்பியரோடதும் பெட்ரார்க்கோடதும் எப்படிப் பிரிக்கிறது?

வரி எண்ணுவதோடு நிறுத்தினால் அவ்வளவுதான். பெட்ரார்க் வகையில் எட்டு, ஆறு என்று இரண்டு பகுதி; எட்டு வரியின் ரைம் ஏபிபிஏ ஏபிபிஏ. ஷேக்ஸ்பியர் வகையில் நாலு, நாலு, நாலு, இரண்டு. ஏபிஏபி சிடிசிடி இஎஃப்இஎஃப் ஜிஜி. இத்தாலியனில் ரைமுக்குச் சொற்கள் மலிவு, ஆங்கிலத்தில் பஞ்சம். ஆங்கிலேயர்கள் ரைமைப் பரவலாக்கிக்கொண்டதற்கு அது ஒரு காரணம்.

முக்கியமானது வோல்ட்டா, அதாவது பேச்சு திரும்பும் இடம். பெட்ரார்க் வகையில் அது வழக்கமாக ஒன்பதாம் அடியில் வரும். ஷேக்ஸ்பியரில் எப்போதும் கடைசி இரண்டு அடியில்தான் என்று கைடில் போட்டிருப்பார்கள். நம்பாதீர்கள். மேலே பார்த்த 18-ஆம் சானெட் ஒன்பதாம் அடியிலேயே 'ஆனால்' என்று திரும்பிவிடுகிறது. காதலியின் கண் சூரியன் மாதிரி இல்லை என்று கேலி பேசும் 130-ஆம் சானெட் கடைசி இரண்டு அடி வரை காக்கவைக்கிறது.

கெட்டிக்காரப் பிள்ளைகளுக்காக ஒன்று. 1609-இல் வந்த அவருடைய 154 சானெட்டுகளில் 99-ஆவதுக்கு 15 அடி, 126-ஆவதுக்கு 12 அடி, 145-ஆவதில் அடிக்கு நாலே வெட்டு. பதினாலு என்ற விதியை அவரே மூன்று இடத்தில் தொட்டுப் பார்த்திருக்கிறார்... இல்லை, இரண்டு இடத்தில். மூன்றாவது தாள விதி.

மெட்டனிமி, சினெக்டகி. எத்தனை தடவை படிச்சாலும் மாறிப்போகுது. அதை முதல்ல எப்படிப் படிக்கிறது, சினெக்டோச்சா?

சினெக்டகி. 'டோச்' கிடையாது, கடைசி எழுத்தையும் சத்தமாகச் சொல்ல வேண்டும். வைவாவில் சிரிப்பார்கள் என்று பயந்து அந்தச் சொல்லையே தவிர்த்த பிள்ளையை எனக்குத் தெரியும்.

இரண்டும் ஆகுபெயர்தான். 'மந்த்ராலயா சம்மதிக்கவில்லை' என்றால் தலைமைச் செயலகக் கட்டடமா சம்மதிக்கும்? அரசாங்கம். 'தலால் ஸ்ட்ரீட் சரிந்தது' என்றால் பங்குச்சந்தை. சம்பந்தப்பட்ட ஒன்று மற்றொன்றுக்காக நிற்கிறது, இது மெட்டனிமி. சினெக்டகியில் அந்தச் சம்பந்தம் பகுதி, முழுமை என்ற சம்பந்தமாக இருக்க வேண்டும். நம் தெருத் தையல் பட்டறைகளில் 'தீபாவளிக்கு இன்னும் நாலு கை வேணும்' என்பார்கள். கை வந்தால் ஆளும் வருவான். தலைக்கு நூறு ரூபாய் என்பதும் அப்படியே. பள்ளியில் இதற்குச் சினையாகுபெயர் என்று பெயர். திருப்பியும் வரும்: 'முல்லை சூடினாள்' என்றால் கொடியையே தலையில் வைத்துக்கொள்ளவில்லை, பூவை மட்டும். முழுமையின் பெயர் பகுதிக்கு வந்தாலும் சினெக்டகிதான்.

'மும்பை ரஞ்சிக் கோப்பையை ஜெயித்தது' எந்த வகை? ஊர் முழுமை, அணி அதில் பகுதி என்று பார்த்தால் சினெக்டகி. ஊருக்கும் அணிக்கும் உள்ள தொடர்பு என்று பார்த்தால் மெட்டனிமி. புத்தகங்களே பிரிந்து நிற்கின்றன. எதை எழுதினாலும் ஏன் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

ஆக்ஸிமோரானும் பாரடாக்ஸும்?

ஆக்ஸிமோரான் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சொல் சண்டை போடுவது. ரோமியோ காதல் வேதனையில் 'குளிர்ந்த நெருப்பு' என்கிறான். பாரடாக்ஸ் ஒரு முழுக் கூற்று. கேட்டதும் அபத்தம், யோசித்தால் உண்மை. குழந்தைதான் மனிதனுக்குத் தந்தை என்று வேர்ட்ஸ்வொர்த் சொன்னது போல. முரண் தொடையை இரண்டுக்கும் போட வேண்டாம். எதிர்ச்சொற்களை எதிரெதிரே நிறுத்தும் ஆன்டிதீசிஸுக்குத்தான் அது பக்கத்தில் வரும்.

குடை எடுக்காத அன்னிக்குப் பார்த்து மழை. இது ஐரனிதானே?

ஜூலையில் மும்பையில் அது ஐரனி இல்லை, அது ஜூலை. வெள்ளத் தடுப்புக் கூட்டம் வெள்ளத்தால் தள்ளிப்போனால் ஐரனி. எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக நடப்பது மட்டும் போதாது, அந்த நேர்மாறு எதிர்பார்ப்பையே கிண்டல் செய்கிற மாதிரிப் பொருந்த வேண்டும். இது சிச்சுவேஷனல் வகை.

டிராமாட்டிக் ஐரனியில் நமக்குத் தெரியும், பாத்திரத்துக்குத் தெரியாது. கோவலன் சிலம்பை விற்க நம்பிப் போகும் பொற்கொல்லன்தான் அரசியின் சிலம்பைத் திருடியவன். நமக்குத் தெரிகிறது, கோவலன் நம்பிச் சிலம்பை எடுத்துக் காட்டுகிறான்.

வெர்பல் ஐரனிக்கு என் பிரியமான உதாரணம் புறநானூறு 95. அதியமானின் தூதாகப் போன ஔவையார் தொண்டைமானின் ஆயுதசாலையைப் பார்க்கிறார். உன் வேல்கள் மயில் தோகை சூடி, மாலை போட்டு, நெய் பூசி, காவல் உள்ள மாளிகையில் அழகாக இருக்கின்றன. எங்கள் அதியமானுடையவை நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்கிறார். புகழ்ச்சி மாதிரியே இருக்கிறது. யார் போர் செய்கிறவர் என்பது தொண்டைமானுக்குப் புரிந்திருக்கும். வஞ்சப்புகழ்ச்சி என்று படித்தது இதைத்தான். ஜோனதன் ஸ்விஃப்ட் 1729-இல் அயர்லாந்தின் வறுமை தீர ஏழைக் குழந்தைகளைச் சாப்பிடலாம் என்று நிதானமாகக் கணக்குப் போட்டு ஒரு பிரசுரம் எழுதினார். அவருடைய நிதானமும் ஔவையின் நிதானமும் ஒரே வகை. சர்காஸம் இவ்வளவு நிதானம் பார்க்காது, முகத்துக்கு நேரே குத்தும்.

டோன், மூட் ரெண்டையும் மாத்தி மாத்தி எழுதிட்டு வந்துட்டேன். மார்க் போகுமா?

போகலாம். டோன் பேசுகிறவருடையது, மூட் படிக்கிறவரைச் சூழ்வது. ஔவையின் டோன் அமைதி. அதைக் கேட்கும் சபையின் மூட் அமைதியாக இருந்திருக்காது. இரண்டும் வேறு வேறாக இருக்கும் கவிதைகளில்தான் இந்தக் கேள்வியைக் கேட்பார்கள்.

டிவைஸ் எல்லாம் கரெக்டா கண்டுபிடிச்சேன். ஆனாலும் அஞ்சுக்கு ரெண்டுதான் போட்டாங்க. ஏன்?

பெயர் வைத்துவிட்டு வந்திருப்பீர்கள். 'இந்த வரியில் சிமிலி வந்துள்ளது, அது கவிதைக்கு அழகு சேர்க்கிறது.' எந்தக் கவிதைக்கும் ஒட்டும் வரி இது. அதனால் எந்தக் கவிதையைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை.

நம் ஊர்க் கவிஞர் நிஸிம் எசக்கியேலின் தேள் கவிதையை எடுத்துக்கொள்வோம். அம்மாவைத் தேள் கொட்டிவிட்டது. கிராமத்து ஜனங்கள் ஈக் கூட்டம் மாதிரி வந்து, கடவுள் பெயரை ரீங்காரமாகச் சொல்கிறார்கள். சிமிலி என்று பெயர் சொன்னால் ஒரு மதிப்பெண். உவமை முதலில் வந்த கூட்டத்தோடு முடியவில்லை, அவர்கள் பிரார்த்தனையின் சத்தம் வரை தொடர்கிறது, அந்த வினைச்சொல்லே ஈயின் ஒலியைச் செய்கிறது என்று எழுதினால் ஆனமட்டப்பியாவும் வந்துவிட்டது. ஈ என்றால் தொல்லை, கூட்டம், உதவாத சத்தம். ஆனாலும் அவர்கள் அக்கறையோடுதான் வந்திருக்கிறார்கள். சொல்கிறவன் அவர்களைக் கொஞ்சம் எரிச்சலோடும் கொஞ்சம் பாசத்தோடும் பார்க்கிறான் என்று முடித்தால், முந்தைய கேள்வியின் டோனும் சேர்ந்துவிடுகிறது. நாலே வாக்கியம். ஒரு வரியில் மூன்று டிவைஸ் இருந்தால் மூன்றையும் அடுக்காதீர்கள். எது இல்லாவிட்டால் வரி செத்துவிடுமோ அதை எழுதுங்கள்.

கைடுல ஒண்ணு இருக்கு, காலேஜ்ல வேற சொல்றாங்க. யாரை நம்புறது?

பரீட்சைக்குக் கல்லூரியை, சந்தேகத்துக்கு நல்ல கலைச்சொல் அகராதியை. எம். எச். ஏப்ரம்ஸ் 1957-இல் முதலில் வெளியிட்ட கலைச்சொல் கையேடு பல பதிப்பு கண்டுவிட்டது, பழைய புத்தகக் கடையிலும் கிடைக்கும். கைடு மேல் எனக்குக் கோபம் உண்டு. மெட்டனிமிக்கும் மெட்டஃபருக்கும் ஒரே உதாரணம் போட்ட ஒன்றை நம்பித்தான் என் ஏ.டி.கே.டி. வந்தது.

கவிஞர் நெஜமாவே இதெல்லாம் நெனச்சு எழுதினாரா, இல்ல நாமளா கண்டுபிடிக்கிறோமா?

'நாலு கை வேணும்' என்று சொல்லும் பட்டறைக்காரர் சினெக்டகியை நினைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் அது சினெக்டகிதான். வேலைக்காரனைக் கையாக மட்டும் பார்க்கும் பார்வையும் அதில் இருக்கிறது. கவிஞர் என்ன நினைத்தார் என்பதை நாம் நிரூபிக்க முடியாது, வரி என்ன செய்கிறது என்பதைக் காட்ட முடியும். விடைத்தாளில் 'கவிஞர் நினைத்தார்' என்பதற்குப் பதில் 'இந்த வரி செய்கிறது' என்று எழுதிப் பழகுங்கள்.

உள்ளுறை உவமத்துக்கு இங்கிலீஷ்ல என்ன பேர்?

ஒற்றைப் பெயர் இல்லை. வெளியே ஒரு இயற்கைக் காட்சி மட்டும் இருக்கும்; வண்டு, பூ, மீன், நாரை. உவம உருபும் இல்லை, உவமேயமும் இல்லை. திணை தெரிந்தவருக்கு மட்டும் உள்ளே தலைவனும் தலைவியும் தெரிவார்கள். மேலே சொன்ன டெனரையே ஒளித்துவைத்துவிட்டு வெஹிகிளை மட்டும் ஓட்டுவது என்று சொல்லலாம். சிம்பல் என்றால் கொஞ்சம் தளர்வு, அலெகரி (முழுக் கதையும் உருவகமாக நிற்பது) என்றால் ரொம்ப இறுக்கம். டி. எஸ். எலியட் 1919-இல் ஹேம்லெட் பற்றிய கட்டுரையில் அப்ஜெக்டிவ் கோரிலேட்டிவ் என்றார்: ஒரு உணர்ச்சியை எழுப்புவதற்குச் சரியான பொருள்களும் சூழலும் நிகழ்ச்சித் தொடரும். அது பக்கத்தில் வருகிறது. ஆனால் எலியட்டின் கவிஞர் அதை ஒவ்வொரு முறையும் தானே கண்டுபிடிக்க வேண்டும். சங்கக் கவிஞருக்குத் திணை என்று ஒரு பொதுச்சொத்தே இருந்தது.

ஆங்கிலத் தாளில் இதை எழுதலாமா என்றால், திணை என்பது என்ன என்று இரண்டே வாக்கியத்தில் விளக்க முடிகிறவர்கள் எழுதலாம். மற்றவர்கள் சிம்பல் என்று போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். நேரம் அங்கேதான் போதாமல் போகிறது.